ஷால்கா, பஸ்தி, ஷெர்காட்டி: அரிய கல்விண்கற்களின் வகைப்பாட்டு வரலாற்றில் மூன்று இந்திய ஊர்ப்பெயர்கள்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட இந்தியாவில் வீழ்ந்த மூன்று கல்விண்கற்கள், கனிமவியல் அடிப்படையிலான விண்கல் வகைப்பாட்டில் மூன்று வகுப்புகளுக்குப் பெயர் தந்தன. அவற்றுள் ஷால்கைட், பஸ்டைட் ஆகிய இரண்டும் இன்று வழக்கொழிந்தன. ஷெர்கோட்டைட் என்பது மட்டும் நிலைத்தது. இந்த வேறுபாடு ஏன் நேர்ந்தது என்பதைக் கனிமச் சேர்க்கை, இழையமைப்பு ஆகிய இரு அளவைகளின் வரலாற்றினூடே இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வளவைகள் எதனைக் காட்டின, எதனைக் காட்டத் தவறின என்பதும் இதில் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கல்விண்கற்கள், வகைப்பாடு, ஷெர்கோட்டைட், மாஸ்கெலினைட், செர்மாக், இழையமைப்பு, செவ்வாய்.

முன்னுரை

விண்கல் ஒன்றிற்கு அது வீழ்ந்த அல்லது கண்டெடுக்கப்பட்ட இடத்தின் பெயரைச் சூட்டுவது மரபு. அக்கல் முன்பு அறியப்பட்ட எவ்வகையிலும் அடங்காதபோது, அதன் பெயரே புதியதொரு வகுப்பின் பெயராகிவிடுகிறது. இதனால் உலக வரைபடத்தில் எளிதில் கண்ணில் படாத சிற்றூர்கள் பல அறிவியல் நூல்களில் நிலையான இடம் பெற்றுள்ளன. பீகார் மாநிலம் கயை மாவட்டத்திலுள்ள ஷெர்காட்டி அவற்றுள் ஒன்று. செவ்வாய்க் கோளிலிருந்து புவிக்கு வந்தனவாக இன்று ஏற்கப்பட்டுள்ள கற்களுள் பெரும்பான்மையானவை, சகாராப் பாலைவனத்தில் கிடைத்திருப்பினும் அண்டார்க்டிகாவில் கிடைத்திருப்பினும், அவ்வூரின் பெயரையே தாங்குகின்றன.

விண்கல் ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களை மையமாகக் கொள்கின்றனர். வகைப்படுத்தியோர் அங்கிருந்தனர் என்பதால் இது இயல்பே. எனினும் வகைப்படுத்தப்பட்ட பொருள் எங்கிருந்து சென்றது, அப்பொருளின் தனித்தன்மை வகைப்பாட்டு முறையையே எவ்வாறு மாற்றியது என்னும் வினாக்கள் அவ்வெழுத்துகளில் ஓரமாகவே நிற்கின்றன.

கண்ணாலும் வேதியியலாலும் பகுத்த காலம்

விண்ணிலிருந்து கல் விழக்கூடும் என்பதை ஐரோப்பிய அறிவுலகம் ஏற்றுக்கொண்ட நிகழ்விலேயே இந்தியக் கல்லொன்றிற்குப் பங்குண்டு. 1794இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி இக்கருத்தை நூலாக எழுதியபோது ஏளனமே மிகுந்தது. 1798 டிசம்பர் 19 அன்று காசிக்கு அருகில் கற்கள் வீழ்ந்தன. அவற்றோடு இங்கிலாந்து, இத்தாலி முதலிய இடங்களில் வீழ்ந்த கற்களையும் ஒப்பிட்டு எட்வர்டு ஹோவார்டு 1802இல் வேதியியல் பகுப்பாய்வு வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய கனிமவியலாளர் பூர்னோன், காசிக் கல்லை உருண்டை மணிகள், கந்தகம் கலந்த இரும்பு, உலோகத் துணுக்குகள், இவற்றைப் பிணைத்திருக்கும் மண்போன்ற நிரப்பி என நான்காகப் பிரித்தெடுத்தார். உலோகத் துணுக்குகளில் நிக்கல் இருப்பதை ஹோவார்டு கண்டார். வெவ்வேறு நாடுகளில் வீழ்ந்த கற்கள் தம்முள் ஒத்தும், அவை வீழ்ந்த நிலத்தின் பாறைகளோடு ஒவ்வாமலும் இருந்தமையே அவரது வாதத்தின் வலிமை.

அந்த உருண்டை மணிகளே பின்னாளைய வகைப்பாட்டின் முதல் பிளவுக்கோடாயின. பெர்லின் பல்கலைக்கழகச் சேகரிப்பை ஒழுங்குபடுத்திய குஸ்தாவ் ரோசு, 1863-64இல் வெளியிட்ட ஆய்வில் மணிகள் கொண்ட கற்களுக்குக் காண்ட்ரைட் என்று பெயரிட்டார். மணி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது. மணிகளற்ற கற்கள் எண்ணிக்கையில் மிகச் சில. ஆயின் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. அவற்றை யூக்ரைட், ஹோவார்டைட், சாசிக்னைட், ஷால்கைட் எனத் தனித்தனி வகுப்புகளாக ரோசு அமைத்தார். இவற்றுள் சாசிக்னைட் என்பது 1815 அக்டோபர் 3 அன்று பிரான்சில் வீழ்ந்த ஒற்றைக் கல்லுக்காகவும், ஷால்கைட் என்பது 1850 நவம்பர் 30 அன்று வங்காளத்தின் பாங்குரா பகுதியில் வீழ்ந்த கல்லுக்காகவும் உருவானவை. ஓர் உறுப்பினர் மட்டுமே உள்ள வகுப்பு என்பது தருக்க நோக்கில் விந்தையானது. ரோசு அதற்குத் தயங்கவில்லை. வேற்றுமையை மறைப்பதைவிட வகுப்புகளைப் பெருக்குவது மேல் என்பதே அவரது செயலில் வெளிப்படும் கொள்கை.

மென்தகடும் நுண்ணோக்கியும்

ரோசின் முறை பெரும்பாலும் கைவில்லை, வேதியியல், படிகக் கோணம் ஆகியவற்றைச் சார்ந்தது. அதே காலத்தில் லண்டனில் வேறொரு வழி திறந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கனிமப் பிரிவுக் காப்பாளராக 1857இல் பொறுப்பேற்ற நெவில் ஸ்டோரி-மாஸ்கெலின், விண்கற்களை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடுகளாகத் தேய்த்து, தளமுனைவுற்ற ஒளியில் நுண்ணோக்கி வழியே ஆராய்ந்தார். இம்முறையில் கனிமம் எது என்பதோடு, அது தன் அண்டைக் கனிமத்தோடு எவ்வாறு பொருந்தியிருக்கிறது, எது முன்னர் உறைந்தது, எது பின்னர் இடைவெளியை நிரப்பியது என்பனவும் புலப்பட்டன. இழையமைப்பு என்பது வகைப்பாட்டு அளவையாக உயர்ந்தது இதன் பின்னரே. ஒரே கனிமங்கள் கொண்ட இரு கற்கள் இழையமைப்பால் வேறுபடலாம். ஒன்று உருகிய குழம்பிலிருந்து மெல்ல உறைந்ததாக இருக்கலாம். மற்றொன்று பல பாறைகளின் நொறுங்கல்கள் மீண்டும் ஒட்டியதாக இருக்கலாம்.

மாஸ்கெலினின் ஆய்வில் முதன்மை இடம் பெற்ற கற்களுள் ஒன்று 1852 டிசம்பர் 2 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி வட்டாரத்தில் வீழ்ந்தது. அதன் பெரும்பகுதி என்ஸ்டடைட் எனப்படும் இரும்பற்ற பைராக்சீன். அதனுள் செம்பழுப்பு நிறச் சிறு உருண்டைகளாகக் கால்சியம் சல்பைடு இருந்தது. பொன்னிற எண்முகப் படிகங்களாக, கண்ணுக்குத் தெரிவதே அரிதான அளவில், டைட்டானியம் நைட்ரைடும் இருந்தது. முன்னதற்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாமின் நினைவாக ஓல்டாமைட் என்றும், பின்னதற்கு ஆஸ்பர்னைட் என்றும் பெயரிட்டார். ஈரக்காற்றில் சிதையும் தன்மையுடைய ஓல்டாமைட், உயிர்வளி மலிந்த புவிமேற்பரப்பில் இயல்பாகத் தோன்றி நிலைக்க இயலாதது. ஒரு கல் எத்தகைய சூழலில் உருவானது என்பதைக் கனிமமே சான்றாக நின்று உரைக்கும் என்பதற்குப் பஸ்திக் கல்லினும் தெளிவான எடுத்துக்காட்டு அக்காலத்தில் இல்லை. வியன்னாவின் குஸ்தாவ் செர்மாக் இதனைப் பஸ்டைட் என்னும் வகுப்பாக்கினார்.

தென்னாட்டுக் கல்லொன்றும் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் வீழ்ந்தன. பட்டியல்களில் இவை பார்னல்லீ என்னும் பெயரால் வழங்குகின்றன. ஆங்கிலேயர் செவியில் சிதைந்த தமிழ் ஊர்ப்பெயர் என்பது தெளிவு; ஒலி பெருநாழியை நினைவூட்டுகிறது. பெரிய கல் லண்டனைச் சென்றடைந்தது. இது மணிகள் கொண்ட காண்ட்ரைட் வகையினது ஆதலின் அரிய வகுப்பு எதற்கும் பெயர் தரவில்லை. ஆயினும் அதன் மணிகளும் நிரப்பியும் வெப்பத்தால் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளாமல் தத்தம் பழைய இயல்பிலேயே நிற்பதால், 1967இல் வான் ஷ்முஸ், வுட் ஆகியோர் வகுத்த வேதியியல்-பாறையியல் வகைப்பாட்டில் அது மூன்றாம் படிநிலையில், எல்எல்3 என்னும் குறியீட்டோடு இடம்பெறுகிறது. ஆய்வாளர் இன்றும் நாடும் கற்களுள் அதுவும் ஒன்று.

ஷெர்காட்டிக் கல்

1865 ஆகஸ்ட் 25 அன்று காலையில் ஷெர்காட்டி அருகே ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள கல் வீழ்ந்தது. அதன் பெரும்பகுதி கொல்கத்தாவில் தங்கியது. ஒரு துண்டு வியன்னாவுக்குச் சென்றது. ஹைடிங்கர் காலம் முதலே வியன்னாவின் அரசக் கனிமக் கூடத்துக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே விண்கல் பரிமாற்றம் இருந்துவந்தது. அப்பரிமாற்றத்தைக் காலனியச் சுரண்டல் என்னும் ஒற்றைச் சொல்லால் முடித்துவிட இயலாது. ஓல்டாம் 1860களில் கிரெக் என்பாரின் ஐரோப்பியச் சேகரிப்பைக் கொல்கத்தாவுக்கு விலைக்கு வாங்கினார். ஆகவே கற்கள் இரு திசையிலும் பயணித்தன. ஆனால் மென்தகடு தேய்க்கும் பட்டறையும் அதனைப் படித்தறியும் பயிற்சியும் ஒரு திசையில் மட்டுமே இருந்தன. வகுப்புக்குப் பெயரிடும் உரிமையும் அத்திசைக்கே உரியதாயிற்று.

1872இல் செர்மாக் ஷெர்காட்டிக் கல்லையும் 1865இல் கிழக்கு வங்காளத்தில் வீழ்ந்த கோபால்பூர்க் கல்லையும் ஒருசேர ஆராய்ந்து வெளியிட்டார். கோபால்பூர் வழக்கமான காண்ட்ரைட். ஷெர்காட்டியோ மணிகளற்றது, சாம்பல் நிறத்தது, முதல் நோக்கில் யூக்ரைட்டைப் போன்றது. யூக்ரைட் என்பது பைராக்சீனும் பிளாஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பாரும் சேர்ந்த, புவியின் பசால்ட்டை ஒத்த பாறை. ஷெர்காட்டியிலும் பைராக்சீன் மிகுதி. அதற்கிடையே ஃபெல்ஸ்பார் இருக்க வேண்டிய இடத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவில், நிறமற்ற வேறொரு பொருள் இருந்தது. அதன் வேதியியல் சேர்க்கை லாப்ரடோரைட் ஃபெல்ஸ்பாருடையது. வடிவமும் ஃபெல்ஸ்பார் படிகத்துடையது. ஆயின் குறுக்கிட்ட முனைவாக்கிகளுக்கிடையே தகட்டைச் சுழற்றியபோது ஃபெல்ஸ்பார் காட்ட வேண்டிய ஒளிமாற்றத்தைக் காட்டாமல், கண்ணாடியைப் போல் எந்நிலையிலும் இருண்டே நின்றது. செர்மாக் இதனைத் தனிக் கனிமமாகக் கொண்டு, லண்டன் நண்பரைச் சிறப்பிக்கும் வகையில் மாஸ்கெலினைட் எனப் பெயரிட்டார்.

அவர் பதிந்த இரண்டாவது செய்தி அதனினும் முக்கியமானது எனலாம். பிற கல்விண்கற்களில் பெரும்பாலும் உலோக இரும்பு சிறிதேனும் காணப்படும். ஷெர்காட்டியில் உலோகத்துக்கு மாறாக மேக்னடைட், அதாவது உயிர்வளியேற்றம் பெற்ற இரும்பு, இருந்தது. ஓல்டாமைட்டைச் சுமந்த பஸ்திக் கல் உயிர்வளி மிகக் குறைந்த சூழலுக்குச் சான்றென்றால், ஷெர்காட்டி அதன் நேர் எதிர்த்துருவம். இவ்விரு கற்களையும் ஒரே தலைமுறையினர் ஒரே கருவியால் ஆராய்ந்தனர் என்பது வரலாற்றின் நற்பேறு. மேக்னடைட்டின் உட்பொருளை விரித்துரைக்க அன்று வேதியியல் முதிர்ந்திருக்கவில்லை. வேற்றுமையைப் பதிந்து, தனி வகுப்பு வகுத்ததோடு செர்மாக் நின்றார்.

பெருகிய பெயர்களும் சுருங்கிய பெயர்களும்

ரோசு தொடங்கி, செர்மாக் விரித்து, பிரெசினா தொடர்ந்த முறை 1904இல் 76 வகுப்புகளாகப் பெருகியது. நிறம், நரம்புக்கோடு, நொறுங்கல் தன்மை ஆகியனவும் வகுப்பை நிர்ணயித்தன. இதற்கு எதிர்வினையாகவே பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் பிரையர் 1920இல் வகுப்புகளைக் கடுமையாகச் சுருக்கினார். கனிமச் சேர்க்கையும், இரும்பு எந்நிலையில் உள்ளது என்பதும் அவர் கொண்ட அடிப்படைகள். இச்சுருக்கத்தின் பயனாகப் பஸ்டைட், 1836இல் பிரான்சின் ஓப்ரில் வீழ்ந்த கல்லின் பெயரால் அமைந்த ஓப்ரைட் வகுப்பினுள் அடங்கியது. ஏறத்தாழ முழுவதும் ஆர்த்தோபைராக்சீனால் ஆன ஷால்கா, செர்மாக் பெயரிட்ட டயோஜெனைட் வகுப்பைச் சேர்ந்தது. பெயர்கள் மறைந்தன, கற்களோ உறவினரைப் பெற்றன.

ஷெர்கோட்டைட் மட்டும் யூக்ரைட்டுக்கு அண்டையில் வைக்கப்பட்டும் அதனுள் கரையவில்லை. மாஸ்கெலினைட் ஒரு பெருந்தடையாக நின்றது. உறவினர் எவரும் அகப்படவுமில்லை. 1962 அக்டோபர் 3 அன்று நைஜீரியாவின் ஜகாமியில் ஏறத்தாழ 18 கிலோகிராம் கல் வீழ்ந்து, பின்னர் ஷெர்கோட்டைட் என இனங்காணப்படும்வரை, அவ்வகுப்பு ஒற்றைக் கல்லோடு நின்றது. சாசிக்னி வீழ்ந்ததும் இதே அக்டோபர் 3 என்பது வெறும் தற்செயல். எனினும் பட்டியல் படிப்போர் கவனிக்காமல் விடுவதில்லை. இடையில் 1911 ஜூன் 28 அன்று எகிப்தில் வீழ்ந்த நக்லா, பச்சைநிற ஆகைட் பைராக்சீன் மிகுந்த மற்றொரு தனி வகுப்பைத் தோற்றுவித்தது.

கண்ணாடி உரைத்த செய்தி

மாஸ்கெலினைட் எவ்வாறு தோன்றியது என்னும் வினாவுக்கு நுண்ணோக்கியால் விடை காண இயலவில்லை. வெடிமருந்தே விடை தந்தது. 1963இல் மில்டன், டி கார்லி ஆகியோர் ஃபெல்ஸ்பார் கொண்ட புவிப்பாறையை வெடிப்பின் அதிர்வலைக்கு உட்படுத்தினர். ஏறத்தாழ 30 கிகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 3 இலட்சம் மடங்கு அழுத்தத்தில், ஃபெல்ஸ்பார் தன் புறவடிவை இழக்காமலே உள்ளமைப்புச் சிதைந்து கண்ணாடியாயிற்று. செர்மாக் தனிக் கனிமம் என்று கொண்டது, மோதலின் வடு என்று தெளிந்தது. ஆகவே இழையமைப்பின் ஒரு கூறு பாறையின் பிறப்பைச் சொல்லவில்லை. பிறப்புக்குப் பின் அதற்கு நேர்ந்ததைச் சொன்னது. இவ்விரண்டையும் பிரித்தறிவது வகைப்பாட்டியலுக்கு இன்றும் எளிதன்று. 2000இல் சென், எல் கோரசி ஆகியோர் இக்கண்ணாடி திண்மநிலையிலேயே உருக்குலைந்தது அன்று, உயரழுத்தத்தில் உருகி உறைந்தது என வாதிட்டனர். அவ்விவாதத்துக்கும் அடித்தளமாய் நிற்பது ஷெர்காட்டிக் கல்லே.

கண்டிப்பான தருக்கத்தின்படி, மோதலின் வடுவை அடிப்படையாகக் கொண்ட வகுப்பு 1963க்குப் பின் கலைக்கப்பட்டிருக்க வேண்டும். அதிர்வுற்ற யூக்ரைட் என்று ஷெர்காட்டியை மாற்றியெழுதியிருக்கலாம். அவ்வாறு நேராமைக்கு மேக்னடைட்டும் அதனோடு ஒத்த பிற கனிமச் சான்றுகளும் காரணம். பெயருக்குப் புகழ் தந்தது கண்ணாடி. வகுப்புக்கு உண்மையான வேற்றுமை தந்தது உயிர்வளியேற்றம் பெற்ற இரும்பு.

1970களில் கதிரியக்கக் காலக்கணிப்பு இவ்வேற்றுமையைப் பன்மடங்காக்கியது. யூக்ரைட்டுகள் 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. நக்லாவோ ஏறத்தாழ 130 கோடி ஆண்டு வயதினது. ஷெர்கோட்டைட்டுகளும் அவ்வாறே மிக இளையவை. சிறுகோள்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே குளிர்ந்துவிட்டன. அத்துணை அண்மைக்காலத்தில் எரிமலைக் குழம்பு இருந்திருக்க வேண்டுமெனில் தாய்ப்பொருள் ஒரு பெரிய கோளாக இருத்தல் வேண்டும். செவ்வாய் என்னும் ஊகம் இவ்வாறு எழுந்தது. நொடிக்கு 5 கிலோமீட்டர் விடுபடுவேகத்தை உருகாமல் ஒரு பாறை எட்ட முடியுமா என்று ஐயுற்றோர் பலர். அண்டார்க்டிகாவில் 1982இல் கிடைத்த கல்லொன்று நிலவிலிருந்து வந்தது என உறுதியானதும் அவ்வையம் தளர்ந்தது. 1983இல் போகார்டு, ஜான்சன் ஆகியோர் ஈஈடிஏ 79001 என்னும் அண்டார்க்டிக ஷெர்கோட்டைட்டின் அதிர்வுக் கண்ணாடியில் சிறைப்பட்டிருந்த ஆர்கான் முதலிய வளிமங்களை அளந்தனர். அவற்றின் விகிதங்கள் 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயின் வளிமண்டலத்தில் அளந்தவற்றோடு பொருந்தின. மோதலின் வடுவே பிறந்த ஊரின் காற்றையும் காத்துவைத்திருந்தது.

ஷால்காவின் வகுப்பில் நேர்ந்த பிழை

கனிமமும் இழையமைப்பும் ஏமாற்றிய நிகழ்வும் உண்டு. 1984 டிசம்பரில் அண்டார்க்டிகாவின் ஆலன் குன்றுகளில் கிடைத்த 1.93 கிலோகிராம் எடையுள்ள ஏஎல்எச் 84001 என்னும் கல், ஏறத்தாழ முழுவதும் ஆர்த்தோபைராக்சீனால் ஆனது. ஆகவே அது டயோஜெனைட் எனப் பதியப்பட்டது. ஷால்கா எந்த வகுப்பில் கரைந்ததோ அதே வகுப்பு. பதிவு செய்தோரைக் குறை கூறுதல் பொருந்தாது. பெருங்கனிமத்தையும் பருபடிக இழையமைப்பையும் மட்டும் நோக்கின் அம்முடிவே முறையானது.

ஹூஸ்டனில் டயோஜெனைட்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் மிட்டில்ஃபெல்ட், அக்கல்லின் குரோமைட்டில் உயிர்வளியேற்றம் மிகுந்த இரும்பையும், டயோஜெனைட்டில் இருக்கவேண்டிய டிராய்லைட்டுக்கு மாறாகப் பைரைட்டையும் 1993இல் கண்டார். கல்லில் ஒரு நூற்றுக்கூறும் நிரம்பாத சிறுகனிமங்கள் இவை. ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவீடு அக்கல் செவ்வாயினது என உறுதிசெய்தது. ஷெர்கோட்டைட், நக்லைட், சாசிக்னைட் எதனுள்ளும் அடங்காத நான்காம் வகை அது. 1996இல் உயிரின் தடயம் உண்டெனக் கூறப்பட்டு உலகறிந்த கல் ஆனதும், அக்கூற்று பின்னர் பெருவாரியாக ஏற்கப்படாமற் போனதும் வேறு வரலாறு. வகைப்பாட்டு நோக்கில் கருதத்தக்கது பிறிதொன்று: அந்தப் பிழையைத் திருத்திய அளவை, செர்மாக் 1872இல் மேக்னடைட்டைக் கண்டு குறித்துவைத்த அதே அளவைதான். அளவுக்கருவி மாறியது; கேட்கப்பட்ட கேள்வி மாறவில்லை.

பஸ்தியின் உறவினர்

2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டம் தியோதர் வட்டத்தில் கற்கள் வீழ்ந்தன. ராந்திலா என்னும் சிற்றூரில் ஒரு கல் வேப்பமரத்தில் மோதிச் சிதறியது. ஊரார் திரட்டிய துண்டுகளை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் ஆராய்ந்து, பைராக்சீன் மிகுந்த ஓப்ரைட் என 2023இல் அறிவித்தனர். இந்தியாவில் கண்முன் வீழ்ந்த ஓப்ரைட்டாக அதற்கு முன் பதிவானது பஸ்தி ஒன்றே. இடைவெளி ஏறத்தாழ 170 ஆண்டுகள். அதே ஆய்வகத்தார் 1996இல் ராஜஸ்தானின் பிப்லியா கலானில் வீழ்ந்த யூக்ரைட்டில், அழிந்துபோன அலுமினியம்-26இன் தடயத்தை 1999இல் வெளியிட்டிருந்தனர். இம்முறை மென்தகடு வியன்னாவிலோ லண்டனிலோ தேய்க்கப்படவில்லை. எனினும் தியோதர்க் கல்லின் பதிவில் வகுப்பு என்னும் கட்டத்தில் எழுதப்பட்டது பிரான்சிய ஊரின் பெயர். பிரையர் 1920இல் பஸ்டைட்டை அகற்றாதிருந்தால் அவ்விடத்தில் பஸ்தி நின்றிருக்கும்.